கிராணியின் கைக்குட்டை

“பொண்ணு கேட்டு வந்தப்ப உங்க அண்ணன் என்னைய வெளிய போகச் சொன்னாரே, அதுக்கு முன்னாடி என்னா செஞ்சாரு? ஞாபகம் இருக்கா?”

“கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.”

“எதுல?”

“கைக்குட்டையில. வெள்ளைக் கைக்குட்டை. நாலா மடிச்சது.”

“தொடச்சதும் போட்டுக்கிட்டாரா?”

“இல்ல. கையிலயே வச்சிருந்தாரு. உங்களப் பாக்கல, கண்ணாடியத்தான் பாத்தாரு. அப்புறம் கேட்டாரு, தேத்தண்ணி குடிச்சு முடிச்சிட்டீரோன்னு.”

“நான் கப்ப கீழ வைக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாரு, இல்ல?”

“ஆமா. நீங்க ஆமான்னதும், அப்ப வெளிக்கிடலாம்னு சொன்னாரு.”

“அதான் மீனா. அதான் வில்லன். டைரக்டரு என்னைய மீசைய முறுக்கு, சத்தமா சிரிங்கிறாரு. சத்தமா சிரிக்கிறவனுக்கு யாரு பயப்படுவா? டீய முழுசா குடிக்க விட்டுட்டு அப்புறம் போகச் சொல்றான் பாரு, அவனுக்குத்தான் பயப்படணும்.”

அந்தப் பேச்சு நடந்து பத்துப் பன்னிரண்டு வருடங்கள் இருக்கும். பாசிர் கூடாங்கில் அவர்களுடைய வரிசை வீட்டின் சமையலறை. மீனலோசனி தோசைக் கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இரவு ஷிப்டு முடித்து, தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல், ஹேமநாதன் மேசையருகே உட்கார்ந்திருந்தார். அவரிடம் கைக்குட்டை இல்லை. பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்து நான்காக மடித்தார். மேசையில் கிடந்த அவளுடைய வாசிப்புக் கண்ணாடியை எடுத்து மெதுவாகத் துடைத்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே, “டீ குடிச்சிட்டியா?” என்று கேட்டார். அவ்வளவு கனிவான குரல். மீனலோசனிக்குக் கரண்டி பிடித்த கையில் மயிர் கூச்செறிந்தது. ஒரு நிமிடம் அந்த நாற்காலியில் அவள் அண்ணன் பிரேமகுமார்தான் உட்கார்ந்திருந்தார்.

“சரி, கெளம்பு” என்றார் ஹேமநாதன். பிறகு தானே சிரித்துவிட்டு, தோசை கேட்டார்.

அப்படிப் பிறந்தவர்தான் கிராணி குலசேகரம். ரப்பர் தோட்டத்துக் கதை ஒன்றைத் தொலைக்காட்சியில் தொடராக எடுத்தார்கள். அதில் தோட்ட அலுவலகத்துக் கணக்கர், ஊர் வாயில் கிராணி, அவர்தான் வில்லன். மகளைப் பள்ளிக்கு அனுப்ப அனுமதி கேட்டு ஒரு பால்மரத் தொழிலாளி வருவார். கிராணி அவரை உட்கார வைத்து டீ கொடுப்பார். அந்த மனிதர் ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு கைக்குட்டை, கண்ணாடி. “டீ குடிச்சிட்டியா? சரி, கெளம்பு.”

நாடு முழுக்க அந்த வசனம் பரவியது. கடைகளில் கோப்பையை வைத்துவிட்டு நண்பர்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் எழுப்பினார்கள். மாசாய் சந்தையில் மீன் விற்ற வெள்ளையம்மா மட்டும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹேமநாதன் மீன் வாங்கப் போனபோது தராசைக் கீழே வைத்துவிட்டு, கிராணிக்கெல்லாம் இங்கே மீன் கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வெறும் பையோடு வீட்டுக்கு வந்தவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “எனக்கு இன்னிக்கு அவார்டு கெடச்சிருச்சி மீனா” என்றார். அன்று முட்டைக் குழம்புதான்.

இத்தனைக்கும் அண்ணன் பிரேமகுமாருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் தமிழ் நாடகம் பார்ப்பதில்லை. தன்னை ஊரே பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை அறியாமலே அரசாங்க உத்தியோகத்தில் உயர்ந்து, ஓய்வு பெற்று, டத்தோ பட்டமும் வாங்கினார்.

இன்று அதே டத்தோ, ஹேமநாதனின் நினைவு நிகழ்ச்சிக்குச் சிறப்பு விருந்தினர்.

மீனலோசனி பாசிர் கூடாங் மண்டபத்தின் முன்வரிசையில், மடியில் அழைப்பிதழோடு உட்கார்ந்திருந்தாள். கரும்பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். மாலை நேரம். வேலை முடிந்து நேராக வந்தவர்கள் தொழிற்சாலைச் சட்டையோடு பின்வரிசைகளில் இருந்தார்கள். மேடையில் ஹேமநாதனின் பெரிய படம், குலசேகரம் வேடத்தில். அந்தப் படத்துக்காகவே அவள் போன வாரம் சண்டை போட்டிருந்தாள்.

கலைஞர் மன்றத் தலைவர் மனோகரன் நல்ல மனிதர், ஹேமநாதனோடு ஏழெட்டு நாடகங்களில் நடித்தவர். பட்டை விபூதியோடு கைகூப்பிச் சிரிக்கும் படத்தை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். திரையில் காட்டவும் தொடரின் கடைசிக் காட்சியை எடுத்து வைத்திருந்தார். குலசேகரம் தொழிலாளர் காலில் விழுந்து அழுது மன்னிப்புக் கேட்கும் காட்சி. ஜனங்கள் கண் கலங்க வேண்டும், அண்ணன் நிஜத்தில் எவ்வளவு தங்கமானவர் என்று காட்ட வேண்டும் என்றார்.

“அந்தப் படமும் வேணாம், அந்த சீனும் வேணாம் தம்பி” என்றாள் மீனலோசனி.

“ஏங்க்கா? அதுலதான அவரு அழுது நடிச்சிருப்பாரு.”

“அத எடுத்த அன்னிக்கு அவரு வீட்டுக்கு வந்து சாப்பிடல. டிவிக்காரங்க கட்டாயப்படுத்தி அழ வச்சாங்க, குலசேகரம் அழமாட்டான்னாரு. தான் செஞ்சது தப்புன்னு அந்த மாதிரி ஆளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, அதான் பயமே அப்படின்னாரு. டீ குடிக்கிற சீன் போடுங்க. இல்லன்னா எனக்கு நாற்காலி போடாதீங்க.”

மனோகரன் தலையைச் சொறிந்தார். பிறகு ஒத்துக்கொண்டார். கூடவே, தயங்கித் தயங்கி, அச்சாகி வந்த அழைப்பிதழை நீட்டினார். நினைவுரை ஆற்றுபவராக அண்ணன் பெயரைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் ஒரு சின்ன மகிழ்ச்சிதான் வந்தது. பெயருக்குக் கீழே இரண்டு சொற்கள் இருந்தன. குடும்ப நண்பர்.

“இத யாரு இப்படிப் போடச் சொன்னா?”

“டத்தோதாங்க்கா. ஹேமாண்ணன் குடும்பத்தத் தெரியுமான்னு கேட்டேன். தெரியும், குடும்ப நண்பர்னு போடுங்கன்னாரு. ஏன்க்கா, தப்பா?”

அவள் அட்டையை மடித்து வைத்துக்கொண்டாள். கூடப் பிறந்தவர் என்று சொன்னால் மனோகரன் அட்டையை மறுபடி அடிக்க ஓடுவார். அச்சடித்தவர் செய்த தவறாக அது முடிந்துவிடும். அப்படி முடிவதை அவள் விரும்பவில்லை.

அவளும் ஹேமநாதனும் சந்தித்தது பாசிர் கூடாங்கில்தான். ஆலை அலுவலகத்தில் ஷிப்டு அட்டவணை போடும் வேலை அவளுக்கு. ஹேமநாதன் ஆப்பரேட்டர். மாதம் இரண்டு முறையாவது அவளுடைய மேசைக்கு வந்து, சனிக்கிழமை ஷிப்டை யாருடனாவது மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சுவார். ஏதாவது கோயிலில் மேடை நாடகம் இருக்கும். எந்த நாடகம் என்று கேட்டால் வில்லன் வேடம் என்றுதான் சொல்வார், நாடகத்தின் பெயரைச் சொல்ல மாட்டார். ஒரு நாள் அவள் தோழியோடு காஹாங் வரை போய்ப் பார்த்தாள். மேடையில் அவரைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நாடகம் முடிந்ததும் சாயம் அழிக்காமலே வந்து அந்தக் குழந்தையிடம் ஒரு மிட்டாயை நீட்டினார். அது இன்னும் சத்தமாக அழுதது. அவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற அந்த நிலையைப் பார்த்துத்தான் மீனலோசனி மனத்தைப் பறிகொடுத்தாள். அதற்குப் பிறகு சனிக்கிழமை ஷிப்டு அவருக்கு வந்ததே இல்லை.

பெண் கேட்க அவர் தனியாகத்தான் ஜொகூர் பாருவுக்கு வந்தார். அப்பா காலமாகிவிட்டதால் வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். அவர்களுடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ஹேமநாதனின் தாத்தா காஹாங் பக்கம் அப்படி ஒரு கிராணியின் மேசைக்கு முன்னால் தினக்கூலிக்குப் பெயர் கொடுக்க நின்றவர். அன்று நடந்ததைப் பிற்பாடு ஹேமநாதன் வேடிக்கையாகத்தான் சொல்வார். “எங்க தாத்தா நின்னாரு. எனக்கு நாற்காலி குடுத்தாங்க. ஒரு தலமொற முன்னேறியிருக்கோம்ல.”

கல்யாணம் கோயிலில் நடந்தது. அண்ணன் வரவில்லை. ஆனால் தங்கையை வெட்டியும் விடவில்லை. அவருடைய அன்பு அப்படி. தீபாவளிக்குச் சேலை வரும். அவளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது மருத்துவரிடம் தானே பேசினார். வாரம் ஒரு முறை தொலைபேசியில் அழைப்பார். பேசி முடித்து, வைப்பதற்கு முன், ஒரே கேள்வி.

“உம்மட ஆள் சுகமோ?”

உம்மட ஆள். முப்பது வருடமாக ஹேமநாதனுக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். அண்ணி சத்தியபாமா முதல் நாளிலிருந்தே அவளை வாய் நிறைய மச்சாள் என்றுதான் கூப்பிட்டார். அண்ணன் வாயிலிருந்து மச்சான் என்ற சொல் மட்டும் வரவில்லை. தங்கை கணவனை அப்படி அழைக்க எந்தச் சடங்கும் தேவையில்லை, செலவும் இல்லை. வாயைத் திறந்தால் போதும்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இருவருக்கும் அழைப்பு வந்தது. ஹேமநாதன் புது வேட்டி வாங்கினார். மண்டபத்தில் அவரைக் கண்டதும் ஜனம் மொய்த்துக்கொண்டது. சமையல்காரர்கள்கூட டீக்கோப்பையோடு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். குடும்பப் படத்துக்குப் பெண்ணின் அத்தையும் மாமாவும் வரலாம் என்று படக்காரர் கூப்பிட்டார். ஹேமநாதன் எழுந்து வேட்டியைச் சரி செய்தார். அதற்குள் அண்ணன் படக்காரரிடம், அவர் கலைஞர், அவரோடு பிறகு தனியாக எடுப்போம் என்று மிக மரியாதையாகச் சொன்னார். மீனலோசனி மேடையில் ஒரு கால் வைத்தவள் இறங்கி வந்துவிட்டாள். அந்தப் படத்தில் அவளும் இல்லை.

காரில் திரும்பும்போது அவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

“நான் அவர்கிட்ட கேக்கப் போறேன்.”

“என்னான்னு?”

“ஒரு தடவ உங்கள மச்சான்னு கூப்பிடச் சொல்லி.”

ஹேமநாதன் சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “கேட்டு வாங்குனா அது டயலாக்கு மீனா. எழுதிக் குடுத்துப் பேச வைக்கிறது. நான் டயலாக்கு நெறைய பாத்தாச்சி. அவரா சொல்லட்டும். அது வரைக்கும் நீ கேக்கக் கூடாது, ஆமா.”

“அவரா சொல்லலன்னா?”

“சொல்லுவாரு லா. அவருக்கும் வயசாவுதுல்ல.”

ஹேமநாதனுக்கு வயதாக நேரமிருக்கவில்லை. தைப்பூசத்துக்கு முந்திய வாரம் நெஞ்சுவலி என்றார். மருத்துவமனையில், கட்டிலில் இருந்தபடியே ஒரு தாதியிடம் குலசேகரம் வசனத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். மறுநாள் இல்லை.

கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சகோதரன் கோடிச் சேலை கொண்டு வருவது ஹேமநாதன் பக்கத்து வழக்கம். பெரியவர்கள் பிணத்தை எடுக்காமல் அதற்காகக் காத்திருந்தார்கள். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் ஆள் உயர மலர் வளையம் ஒன்றை இறக்கினார்கள். அதில் அண்ணன் பெயரும் ஆழ்ந்த அனுதாபமும் ஆங்கிலத்தில் இருந்தன. கோடி வருமா என்று யாரோ மறுபடி கேட்டார்கள். மீனலோசனி, எடுங்கள் என்றாள். கொஞ்ச நேரத்தில் அண்ணனும் வந்து, அவள் தலையைத் தொட்டு, கலங்கிய கண்ணோடு நின்றுவிட்டுத்தான் போனார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய கோபம்.

இப்போது அண்ணனும் அண்ணியும் மண்டபத்துக்குள் வந்தார்கள். மனோகரன் ஓடிப்போய்ச் சால்வை போர்த்தினார். அண்ணன் அவளருகே வந்து, சாப்பிட்டீரோ என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். சத்தியபாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணிக்குத் தெரியும். தொடர் ஓடிய காலத்தில் ஒரு நாள் அவரே கூப்பிட்டு, நேற்றைய நாடகம் பார்த்ததிலிருந்து தன் வீட்டில் இரண்டு மனிதர்கள் உலாவுவது போலிருக்கிறது என்று சொல்லியிருந்தார். கணவரிடம் அவர் மூச்சு விட்டதில்லை.

நினைவுரைக்கு அழைத்தார்கள். பிரேமகுமார் மேடை ஏறினார். நல்ல உயரம், நரைத்தாலும் குறையாத முடி. வியர்வையிலோ என்னவோ, விளக்கடியில் நின்றதும் கண்ணாடி மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும். கழற்றினார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். வெள்ளை. நான்காக மடித்தது. சபையைப் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல் துடைத்தார்.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். பிறகு மண்டபமே கைதட்டியது. தொழிற்சாலைக்காரர்கள் நாற்காலியைத் தட்டினார்கள். டத்தோ என்ன அழகாகச் செய்கிறார், நம் ஹேமாவை அப்படியே கொண்டுவந்து விட்டார் என்று பின்னால் யாரோ சொல்வது கேட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து வெள்ளையம்மா எழுந்து நின்றார்.

“டத்தோ, டீ குடிச்சிட்டீங்களா?”

சிரிப்பு அலையாக எழுந்தது. பிரேமகுமாருக்கு ஒன்றும் புரியவில்லை. நம் ஆட்கள் அன்பானவர்கள் என்பது போல லேசாகத் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். சத்தியபாமா சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

உரை நன்றாகத்தான் இருந்தது. திரையில் தீயவர், வாழ்வில் உத்தமர் என்றார். எளிய தோட்டக் குடும்பத்தில் பிறந்து, இரவெல்லாம் உழைத்து, பகலில் கலை வளர்த்தவர் என்றார். இந்தக் குடும்பத்தை நான் நெடுங்காலமாக அறிவேன் என்றார். மீனலோசனி அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தாள். அதில் வேறு ஒரு சொல் இருக்கும் என்று கடைசி நொடி வரை நம்பினாள். அறிவேன். அவ்வளவுதான். பலத்த கைதட்டலுக்கு நடுவே அவர் வந்து உட்கார்ந்தார்.

விளக்குகளை அணைத்துத் திரையில் காட்சியை ஓட்டினார்கள். தோட்ட அலுவலகம். பால்மரத் தொழிலாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து டீயை ஊதிக் குடிக்கிறார். குலசேகரம் காத்திருக்கிறார். அவருடைய முகத்தில் ஒரு கெட்ட குணமும் இல்லை. வீட்டுக்கு வந்தவரை உபசரிக்கும் ஒரு பெரிய மனிதரின் முகம். கோப்பை கீழே வைக்கப்படும் சத்தம் கேட்கிறது. கைக்குட்டை வெளியே வருகிறது. மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

மீனலோசனி திரையைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். முதலில் அவர் மரியாதைக்குப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். குலசேகரம் கண்ணாடியைக் கழற்றியதும் புன்னகை நின்றது. “டீ குடிச்சிட்டியா?” என்ற குரல் வந்தபோது அவருடைய கை தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குப் போனது. வெளியே தெரிந்துகொண்டிருந்த கைக்குட்டை நுனியை விரலால் உள்ளே தள்ளினார். தள்ளிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். இருட்டில் எல்லாரும் கண்கொட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது அவரைத்தான்.

“சரி, கெளம்பு.”

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. அழுதவர் ஒருவரும் இல்லை. ஹேமநாதன் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார். வெள்ளையம்மா, பாவி, பாவி என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

விளக்கு வந்ததும் மனோகரன் அவளை மேடைக்கு அழைத்தார். நன்றி சொல்லிவிட்டு நினைவுப் பரிசை வாங்கிக்கொள்வது ஏற்பாடு. அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். பெரிய படத்தில் ஹேமநாதன் குலசேகரமாகக் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்களுக்கு நன்றி சொன்னாள். அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை என்றாள். “நல்லவருதான். குறட்டை விடுவாரு, சொன்ன பேச்சுக் கேக்கமாட்டாரு, ஆனா நல்லவருதான். அது எனக்குத் தெரிஞ்சா போதும். நீங்க அவருக்குப் பயந்தீங்க இல்ல? அத மறந்துறாதீங்க. ஷிப்டு முடிஞ்சி வந்து, தூங்காம, கண்ணாடி முன்னாடி நின்னு அதுக்காகத்தான் பாடுபட்டாரு. செத்ததுக்கு அப்புறம் அவர நல்லவராக்கி அந்த உழைப்ப வீணாக்காதீங்க. வெள்ளையம்மாக்கா, நீங்க மீனு குடுக்காததுதான் அவருக்கு வாழ்நாள் விருது.”

சிரிப்பும் கைதட்டலும் அடங்கியதும் மனோகரன் உற்சாகமாகக் குறுக்கே வந்தார்.

“அக்கா, ஒரே ஒரு கேள்வி. இங்க நடிக்கிற எல்லாரும் கேக்குறது. அந்தக் கைக்குட்டைய ஹேமாண்ணன் எங்கேர்ந்து பிடிச்சாரு?”

மீனலோசனி கீழே பார்த்தாள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஒரு கை சட்டைப் பையை மூடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அவளுக்காக மழையில் நின்ற கை அது. ஒரு வாக்கியம் போதும். நாளை காலைக்குள் ஜொகூர் முழுக்கத் தெரிந்துவிடும். அண்ணன் அவள் கண்ணைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைக்கக்கூட இல்லை. என்ன வந்தாலும் வாங்கிக்கொள்பவர் போல உட்கார்ந்திருந்தார். அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

“அது வீட்டு விஷயம் தம்பி” என்றாள்.

மண்டபம் சிரித்தது. சட்டைப் பையை மூடியிருந்த கை மெல்லக் கீழே இறங்கியது.

“வீட்டு விஷயம்னு சொன்னதால இன்னொன்னும் சொல்லிர்றேன்.” அவள் மடித்து வைத்திருந்த அழைப்பிதழை விரித்து உயர்த்திக் காட்டினாள். “இதுல டத்தோ பேருக்குக் கீழ குடும்ப நண்பர்னு இருக்கு. மனோகரன் மேல தப்பில்ல. டத்தோ பிரேமகுமார் என் கூடப் பொறந்த அண்ணன்.”

சலசலப்பு எழுந்து அடங்கியது. மனோகரன் வாயைத் திறந்தபடி அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சத்தியபாமா கணவரின் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார்.

மீனலோசனி ஒரு முறை திரும்பிப் படத்தைப் பார்த்தாள். கேக்கக் கூடாது என்று சொன்னவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டு வாங்கினால் டயலாக்கு. சரி, இருக்கட்டும். எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்லியே நாட்டை நடுங்க வைத்த மனிதருக்கு வசனம் ஒன்றும் குறைவான மரியாதை இல்லை. முப்பது வருடம் நீங்கள் சொன்னதைக் கேட்டேன், இது போதும் என்று மனத்துக்குள் அவரிடம் சொன்னாள்.

பிறகு அவள் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்தாள். கணவரோடு பேசிப் பழகிய பேச்சு போய், பிறந்த வீட்டுப் பேச்சு அவள் நாவில் வந்தது. ஒலிவாங்கி இல்லாமலே அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

“அண்ணா, அவர் இனி ஒண்டும் கேட்க மாட்டார். நான் கேட்கிறன். மேல வாங்கோ. அவரின்ர படத்துக்கு முன்னால நிண்டு, இத்தனை சனத்துக்கும் கேட்கிற மாதிரி, ஒரேயொருக்கா அவரை மச்சான் எண்டு கூப்பிடுங்கோ.”